விலக்குப் பெற்றவரும் விலக்கி வைக்கப்பட்டவரும்

பார்வையற்ற தோழர் ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தம்மைக் கைப்பிடித்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துவர ஆள் இல்லை என்றும், வீட்டிலேயே தொழுதுகொள்ள அனுமதி வேண்டும் என்றும் கேட்டார். நபியவர்கள் அனுமதித்தார்கள். அவர் திரும்பிச் செல்லும்போது மீண்டும் அழைத்து, பாங்கோசை காதில் விழுகிறதா என்று வினவினார்கள். விழுகிறது என்றார். அப்படியானால் அந்த அழைப்புக்குப் பதிலளித்து வருமாறு கூறினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. வந்தவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என்பது அபூதாவூதின் அறிவிப்பால் தெரிகிறது.

இதற்கு நேர் மாறானது போல் தோன்றும் மற்றொரு செய்தி புகாரியில் உண்டு. இத்பான் இப்னு மாலிக் (ரலி) தம் குலத்தாருக்கு இமாமாக நின்று தொழுவித்தவர். பார்வை மங்கிவிட்டது. மழை பெய்தால் அவருடைய வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் வந்துவிடும். நபியவர்கள் தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அவ்விடத்தையே தாம் தொழுமிடமாக்கிக் கொள்வதாக வேண்டினார். பகல் ஏறிய வேளையில் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் நபியவர்கள் அவருடைய வீட்டுக்கே சென்றார்கள். உட்காருமுன்பே எங்கே தொழ வேண்டும் எனக் கேட்டு, அவர் காட்டிய இடத்தில் இரண்டு ரக்அத் தொழுதார்கள்.

ஒருவருக்கு வருமாறு ஏவல். மற்றவருக்கு வீட்டிலேயே தொழ இசைவு. இவ்விரண்டையும் இணக்கிக் காட்டுவதற்கு ஹதீஸ் விரிவுரையாளர்கள் முயன்றிருக்கிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் விளக்கம் பலராலும் ஏற்கப்பட்டது. தக்க காரணமுடையவர் ஜமாஅத்துக்கு வர வேண்டியதில்லை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இத்பான் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியே அதற்குச் சான்று. முதல் தோழர் கேட்டதோ வேறு. வீட்டில் தொழுதும் ஜமாஅத்தின் சிறப்பைப் பெற முடியுமா என்பதே அவருடைய கேள்வி. அந்தச் சிறப்பு வேண்டுமெனில் வந்தாக வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த விடை.

இவ்விரு செய்திகளையும் மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் ஒரு பொதுமை கண்ணில் படுகிறது. இருவரும் தம் கண்ணைக் கூறியதோடு நிற்கவில்லை. ஒருவர் கைப்பிடிக்க ஆள் இல்லை என்றார். மற்றவர் ஓடையில் வெள்ளம் என்றார். தடை உடலில் மட்டும் இல்லை, பாதி வழியில் இருக்கிறது என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். 1970களில் பிரிட்டனில் உடற்குறையுடையோர் தாமே முன்வைத்து, பின்னர் 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையின் உயிராக அமைந்த கருத்தும் ஏறத்தாழ இதுவே. ஒருவருடைய குறை என்பது அவருடைய உடலும், அவரைச் சூழ்ந்துள்ள தடைகளும் சேர்ந்து விளைவிப்பது. அந்த உடன்படிக்கையை 2007 அக்டோபரில் இந்தியா உறுதிசெய்தது.

நம் வழியில் இருக்கும் தடை எது? பல்லடத்திலிருந்து காங்கயம் செல்லும் நெடுஞ்சாலையில் பொங்கலூரைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அது எளிதில் விளங்கும். திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் பல்லடத்தின் விசைத்தறிகளும் பரவப் பரவ இவ்வட்டாரத்தின் குடியிருப்புகள் பெருகின. தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்தோரால் தொழுகை வரிசைகள் நீண்டன. இடத்தின் விலை ஏறியது. இத்தகைய நகர்ப்புறங்களில் கீழ்த்தளத்தைக் கடைகளாகவோ வாகன நிறுத்தமாகவோ விட்டுத் தொழுகைக் கூடத்தை மாடியில் அமைப்பது வழக்கமாகிவிட்டது. கடை வாடகையில்தான் இமாமுக்கும் மோதினாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைக் குறை சொல்வதற்கில்லை. மாடிக்குச் செல்ல இருபது, இருபத்திரண்டு படிகள். தரைத்தளத்தில் கூடம் உள்ள பள்ளிகளுக்கும் இரண்டரை, மூன்றடி உயர அடித்தளம். மழைநீரும் கறையானும் அண்டாதிருக்க நம் முன்னோர் கண்ட வழி அது. பின்னாளில் உயரமே கம்பீரம் என்றாகிவிட்டது.

இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் வாசலில் ஒவ்வொரு வெள்ளியன்றும் ஒரு காட்சியைக் காணலாம். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. ஓவர்லாக் தையற்காரர் ஒருவர். இளம்பிள்ளைவாதத்தில் சிறுவயதிலேயே இரு கால்களும் மெலிந்தவர். மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து, படிகளுக்குக் கீழே, கழற்றிவிடப்பட்ட செருப்புகளுக்கு அருகில், பிளாஸ்டிக் பாய் ஒன்றை விரித்து அமர்கிறார். ஒலிபெருக்கியில் குத்பா கேட்கிறது. உள்ளே வரிசை நிரம்பினால் அவருக்குப் பக்கத்தில் சிலர் வந்து நிற்பார்கள். நிரம்பாத நாளில் தனித்திருப்பார். அவரைத் தூக்கிச் செல்ல இளைஞர்கள் முன்வராமல் இல்லை. அவர்தாம் ஒப்பவில்லை. நாற்பது வயது மனிதர், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கையில், நான்கு பேர் கைகளில் தொங்கியபடி இறையில்லத்துக்குள் நுழைய விரும்பாததில் வியப்பென்ன இருக்கிறது? அந்த ஜமாஅத்தின் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, அவருக்குத்தான் மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறதே என்றார். அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. நம் காலத்தில் இப்பொருளில் நிலவும் பெரும் பிழை அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதால்தான் அதைச் சற்று விரித்து ஆராய வேண்டியிருக்கிறது.

சலுகைக்கு ஃபிக்ஹு நூல்களில் 'ருக்ஸத்' என்று பெயர். பார்வையற்றவர் மீதும், கால் ஊனமுற்றவர் மீதும், நோயாளி மீதும் குற்றமில்லை என்னும் கருத்து அந்நூர், அல்ஃபத்ஹ் ஆகிய அத்தியாயங்களில் வருகிறது. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூல நோயால் துன்புற்றபோது, நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நபியவர்கள் கற்பித்தார்கள். இவையெல்லாம் யாருக்குக் கிடைத்தவை? இயலாதவருக்கு. அவர் தமக்கும் இறைவனுக்கும் இடையில், குற்ற உணர்வின்றிப் பயன்படுத்திக்கொள்ளத் தரப்பட்டவை. அவரை வரவிடாத வாசலைக் கட்டியவர்களுக்குத் தரப்பட்டவை அல்ல. தண்ணீர் இல்லாதவருக்குத் தயம்மும் உண்டு. அதனால் ஊரார் கிணற்றை மூடிவைக்கலாம் என்று எவரும் சொல்வதில்லை.

சலுகை இருந்தும் தோழர்கள் எவ்வாறு நடந்தனர் என்பதையும் நோக்க வேண்டும். இரு மனிதரின் தோள்களைப் பற்றித் தள்ளாடியபடி வந்து ஒருவர் வரிசையில் நிறுத்தப்படுவது தம் காலத்து வழக்கம் என இப்னு மஸ்ஊத் (ரலி) நினைவுகூர்கிறார்கள். நபியவர்களே தம் இறுதி நோயில் இருவர் தாங்க, பாதங்கள் தரையில் கோடு கிழிக்க, பள்ளிக்கு வந்தார்கள். அந்தப் பள்ளியின் தரை எப்படி இருந்தது? ரமலானின் ஓர் இரவில் மழை பெய்து ஈச்ச ஓலைக் கூரை ஒழுகியபோது, நபியவர்களின் நெற்றியில் சேறு படிந்திருந்ததைக் கண்டதாக அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) கூறுகிறார்கள். வீதியின் மண்ணே பள்ளியின் மண். பாதங்கள் இழுபட்ட நிலையிலும் அங்கே வந்துசேர முடிந்தது. இருபது படிகள் இருந்திருந்தால் அந்த வருகையை வரலாறு பதிவு செய்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இனி ஜும்ஆவுக்கு வருவோம். கொங்கு நாட்டு ராவுத்தர்களும் தக்கினி பேசும் முஸ்லிம்களும் பெரும்பாலும் ஹனஃபி வழியினர் ஆதலால் அந்த மத்ஹபின் நிலையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும். பார்வையற்றவருக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆள் கிடைத்தாலும் ஜும்ஆ கடமையாகாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. ஆள் கிடைத்தால் கடமையாகும் என்பது அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபும் இவ்விருவரின் பக்கமே. இமாம் அவர்களின் தீர்ப்புக்குப் பின்னால் நுட்பமான விதி ஒன்று இருக்கிறது. பிறருடைய ஆற்றலைக் கொண்டு ஒருவரை ஆற்றலுடையவர் என்று கணக்கிடக் கூடாது. இன்னொருவரின் கை கிடைக்கும், கிடைக்காது. கிடைத்தாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டும், நன்றிக்கடன் பட வேண்டும். அத்தகைய சார்பின் மேல் கடமையை ஏற்ற இமாமின் மனம் ஒப்பவில்லை. நம் தையற்காரரின் மறுப்பில் ஒலித்ததும் இதே நியாயம்தான்.

இங்கே சாய்வுப்பாதையை வைத்துப் பாருங்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்து, தம் கைகளாலேயே சக்கரத்தை உருட்டிச் சாய்வில் ஏறி உள்ளே வருகிறவர் யாருடைய ஆற்றலைக் கடன் வாங்குகிறார்? ஹஜ்ஜுக்கான இயலுமையை விளக்கும் அறிஞர்கள் வழிச்செலவையும் 'ராஹிலா' எனப்படும் வாகனத்தையும் குறிப்பிடுகிறார்கள். வாகனம் உடையவர் பிறர் தயவில் செல்பவராகக் கருதப்படுவதில்லை, தாமே இயன்றவராகிறார். சக்கர நாற்காலி ஒரு ராஹிலா. ஆகவே நால்வர் தூக்கிச் செல்வதற்கும் ஒரு சாய்வுப்பாதை அமைப்பதற்கும் உள்ள வேறுபாடு வசதியைப் பொறுத்தது மட்டுமன்று. முன்னது ஒருவரைப் பிறருடைய ஆற்றலில் தொங்கவிடுகிறது. பின்னது அவருடைய ஆற்றலை அவரிடமே திருப்பித் தருகிறது. பாதை அமைந்தபின் ஜும்ஆ அவர்மேல் கடமையாகிவிடுமா என்று தீர்ப்பளிப்பது முஃப்திகளின் பணி. கடமை உண்டா இல்லையா என்று அவர் கேட்கவே வாய்ப்பில்லாத வகையில் கட்டடம் முந்திக்கொண்டு தீர்ப்பளித்துவிடுவது சரியா என்பதே என் வினா.

தேர்தல் ஆணையத்தின் நடைமுறை இதனை இன்னும் தெளிவாக்கும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயது கடந்தவர்களும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுடையவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்யப்பட்டது. அது ருக்ஸத். அதற்காக வாக்குச்சாவடிகளில் சாய்வுப்பாதை வேண்டாம் என்று ஆணையம் முடிவு செய்யவில்லை. சாவடிக்கே வந்து வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு அவ்வழி திறந்தே இருந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் விடப்பட்டது.

சொற்களும் இதில் ஒரு பங்கு வகிக்கின்றன. நம் நூல்கள் இவர்களை 'மஅதூர்', அதாவது தக்க காரணத்தால் விலக்குப் பெற்றவர் என்று அழைக்கின்றன. சட்டத்தின் சொல்லாக அது துல்லியமானது. ஆனால் நாளடைவில் அச்சொல் மனிதர்மேல் ஒட்டிக்கொண்டு, இவர் வர வேண்டியவர் அல்லர் என்ற எண்ணத்தை ஊரில் பரப்பிவிடுகிறது. வர வேண்டியவர் அல்லாதவருக்காக யார் வழி அமைப்பார்? அரபியர் பார்வையற்றவரை 'பஸீர்', அதாவது நன்கு பார்ப்பவர், என்று நயமாக அழைத்ததுண்டு. தமிழக அரசு 2010ஆம் ஆண்டு வாக்கில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை நிலைநாட்டியது. ஐக்கிய அரபு அமீரகம் 2017 முதல் 'மன உறுதி உடையோர்' என்ற பொருளில் ஒரு தொடரை வழங்கி வருகிறது. நல்ல சொற்களே. இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அளித்தது சொல் அன்று, பொறுப்பு. ஃபஜ்ரு பாங்கு அவருடையது. விடிந்துவிட்டது என்று பிறர் அறிவித்ததும் அவர் பாங்கு சொல்வார்; மதீனாவே அதைக் கேட்டு நோன்பு தொடங்கும். பயணம் சென்ற வேளைகளில் பலமுறை அவரையே மதீனாவில் தம் பிரதிநிதியாக நபியவர்கள் விட்டுச் சென்றிருக்கிறார்கள். 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இவரை முன்னிட்டே இறங்கின என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

நாட்டின் சட்டம் இப்பொருளில் என்ன சொல்கிறது என்பதை நம் ஜமாஅத் நிர்வாகிகளில் பலர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊனங்களின் வகையை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்தது. 'பொதுக்கட்டடம்' என்பதற்கு அது தரும் விளக்கம் முக்கியமானது. அரசுக் கட்டடமானாலும் தனியார் கட்டடமானாலும் பொதுமக்கள் வந்துபோகும் இடமெல்லாம் அதில் அடங்கும். கல்வி, வணிகம், மருத்துவம் ஆகியவற்றோடு சமயப் பணிகளுக்கான கட்டடங்களும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எதுவும் புறம்பல்ல. அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி வழங்கலாகாது என்கிறது 44ஆம் பிரிவு. ஏற்கெனவே உள்ள கட்டடங்களை விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. தவணை 2022இல் கழிந்தது.

தவணைகள் கழிவது இந்நாட்டில் புதிதன்று. பார்வைக் குறைபாடுடையவரான ராஜீவ் ரதூரி 2005இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. விரிவான கட்டளைகள் இடப்பட்டன. அவை நிறைவேறாமை மீண்டும் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆவது விதி மூலச்சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி வெறும் வழிகாட்டலாக நீர்த்துப்போகச் செய்திருந்தது என்பதே காரணம். கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்குக் கட்டளையிடப்பட்டது. ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இத்தீர்ப்பில் ஒரு பழகிய மணம் வீசும். வாஜிபை முஸ்தஹப்பாக்கி வைத்திருந்தார்கள்; நீதிமன்றம் அதை மீண்டும் வாஜிபாக்கியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேரும், தமிழகத்தில் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேரும் ஏதேனும் ஓர் ஊனமுடையவர்கள். அப்போது எட்டு வகை ஊனங்களுக்குள்ளேயே கணக்கு நின்றது. முழங்கால் தேய்ந்த முதியவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், நீரிழிவால் பாதத்தை இழந்தவர்கள் ஆகியோரில் பெரும்பாலோர் இக்கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். நம் பள்ளிகளின் ஓரங்களில் ஆண்டுக்காண்டு கூடிவரும் பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம் அவர்களைப் பற்றிய நம்பகமான கணக்கு.

என்ன செய்யலாம்? சாய்வுப்பாதை என்றவுடன் நம் கொத்தனார்கள் கட்டித் தருவது பெரும்பாலும் ஸ்கூட்டர் ஏற்றும் சரிவு. மூன்றடி உயரத்துக்கு ஆறடி நீளம். அதில் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினால் மல்லாந்து விழும். அரசின் வழிகாட்டு நெறிகள் கூறும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. மூன்றடி உயர்வதற்கு முப்பத்தாறு அடி நீளம் வேண்டும். இடையிலும் இரு முனைகளிலும் சமதளத் திட்டுகள் வேண்டும். இடம் குறைவென்றால் பாதையை மடக்கிக் கட்டலாம். இரு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் நழுவாதிருக்கச் சிறு மேடு, மழையில் வழுக்காத சொரசொரப்பான தரை ஆகியவை இன்றியமையாதவை. பளபளக்கும் கிரானைட்டைத் தயவுசெய்து பாதையில் பதிக்க வேண்டாம். வாசலின் திறப்பு 900 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. நாற்காலி திரும்புவதற்கு 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். மாடியில் கூடம் உள்ள பள்ளிகளுக்குச் சாய்வுப்பாதை கைகொடுக்காது. பத்தடி ஏறுவதற்கு நூற்றிருபது அடி என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அங்கே மின்தூக்கி ஒன்றுதான் வழி. அது வரும்வரை, கீழ்த்தளத்தில் ஒரு கடையின் அளவுக்கு இடத்தை மீட்டு, இமாமின் நிலையை அறியும் ஏற்பாட்டோடு ஒரு வரிசை அமைத்தால் வெயிலும் செருப்புமாவது விலகும்.

ஒளுச் செய்யும் இடத்தை எல்லாருமே மறந்துவிடுகிறார்கள். ஹவுளின் விளிம்பில் குத்துக்காலிட்டு அமர முழங்கால் வேண்டும். அருகிலேயே நாற்காலி உயரத்தில் இரண்டு இருக்கை, முன்னால் திருகாமல் தள்ளித் திறக்கும் குழாய், சுவரில் பிடிமானக் கம்பி, மேற்கத்திய முறைக் கழிப்பறை ஒன்று ஆகியவை போதும். பார்வையற்றவர்களுக்குப் பெரும் இடர் வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்புக் குவியல். ஏற்றுமதி பனியன் கம்பெனிகளுக்குள் சென்றவர்கள் தரையில் மஞ்சள் கோடுகளைக் கண்டிருப்பார்கள். கோடுகளுக்கு நடுவே ஒரு துணிக்கட்டைக்கூட வைக்க விடமாட்டார்கள். தீ விபத்தென்றால் தொழிலாளர் தடையின்றி வெளியேற வேண்டும், அந்நிய நாட்டு வணிகரின் தணிக்கையாளர் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். வாரம் ஆறு நாள் அந்தக் கோட்டை மதித்து நடக்கும் நம் மக்கள்தாம் வெள்ளியன்று பள்ளி வாசலில் வழியை அடைத்துச் செருப்பைக் கழற்றுகிறார்கள். அங்கேயும் ஒரு மஞ்சள் கோடு போடலாமே.

காது கேளாதோரைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துப் புளிக்கலில், மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் எபிலிட்டி என்ற அறக்கட்டளை சுமார் பத்தாண்டுகளுக்கு முன் 'மஸ்ஜிதுர் ரஹ்மா'வை எழுப்பியது. சாய்வுப்பாதையும் கைப்பிடிகளும் அங்கே உண்டு. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, வெள்ளி உரை சைகை மொழியிலும் பெயர்க்கப்பட்டுத் திரையில் காட்டப்படுவது. மக்காவின் ஹரமிலும் குத்பாவுக்குச் சைகை மொழிபெயர்ப்பு உண்டு. ஸஃபா, மர்வாவுக்கு இடையே சக்கர நாற்காலிகளுக்கென்றே நடுவில் தனித்தடம் உண்டு. உம்ராவுக்குச் சென்று அத்தடத்தில் தம் தாயாரைத் தள்ளிச் சென்றவர்கள் நம்மூரில் எத்தனையோ பேர். ஊர் திரும்பியதும் அதே தாயாருக்கு உள்ளூர்ப் பள்ளியின் பெண்கள் பகுதிக்கு ஏற வழியில்லை.

மூன்று ஐயங்கள் வழக்கமாக எழும். நாற்காலியின் சக்கரம் வீதி அழுக்கைக் கொண்டுவருமே என்பது ஒன்று. நபியவர்கள் ஒட்டகத்தின் மேல் அமர்ந்தபடி கஅபாவை வலம் வந்ததும், உடல்நலமில்லை என்று முறையிட்ட உம்மு ஸலமா (ரலி) அவர்களை மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து வலம்வரச் சொன்னதும் புகாரியில் உள்ளன. காரணத்தை முன்னிட்டு ஒட்டகத்தைப் பள்ளிக்குள் கொண்டுவருவது பற்றி இமாம் புகாரி தனிப்பாடமே அமைத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஃபிக்ஹு பாடத் தலைப்புகளில் இருக்கிறது என்பது அறிஞர் வழக்கு. சாணமிடும் ஒட்டகத்துக்கு இடமிருந்தால், ஈரத்துணியால் துடைத்த சக்கரத்துக்கு இடமில்லாமல் போகுமா?

வக்ஃபுப் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்பது அடுத்தது. ஹனஃபி நூல்கள் வக்ஃபு வருவாயில் கட்டடப் பராமரிப்பை முதலில் வைத்து, இமாம் முதலியோரைத் தொடர்ந்து, விளக்கும் பாயும் வரை பள்ளியின் நலன்களாக எண்ணுகின்றன. ஃபத்வா ஆலம்கீரி போன்ற நூல்களில் மினாரா பற்றிய ஒரு தீர்ப்பு வருகிறது. அண்டை அயலாருக்குப் பாங்கு கேட்க மினாரா தேவையென்றால் வக்ஃபு வருவாயிலிருந்து கட்டலாம். அது இல்லாமலே கேட்குமென்றால் கூடாது. ஒலிபெருக்கி உள்ள காலத்தில் லட்சங்களில் மினாரா உயர்த்தும் நிர்வாகிகள் இத்தீர்ப்பை ஒருமுறை படிக்கலாம். அழைப்பு கேட்பதற்கே பணம் செலவிடலாம் என்றால், கேட்டவர் வந்துசேர்வதற்குச் செலவிடக் கூடாதா?

மூன்றாவது ஐயம் சற்றுக் கனமானது. ஒருமுறை பள்ளியாக வக்ஃபு செய்யப்பட்ட இடம் என்றும் பள்ளியே. அதில் நடைபாதை போடலாகாது. உண்மை. ஆகவே தொழுகை வரிசைகள் நிற்கும் எல்லைக்கு வெளியே, முற்றத்திலும் பக்கச் சந்திலும் பாதை அமைய வேண்டும். புதிய பள்ளிகளில் வக்ஃபு அறிவிப்புக்கு முன்பே வரைபடத்தில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். கீழே நிலவறையோ மேலே வீடோ உள்ள கட்டடம் பள்ளியாகுமா என்ற பழைய விவாதத்தில், பாக்தாதின் இட நெருக்கடியைக் கண்ணால் கண்டபின் அபூயூசுஃபும், ரைய் நகருக்குச் சென்றபின் முஹம்மதும் (ரஹ்) நெகிழ்ந்து அனுமதித்ததாக ஹிதாயா கூறுகிறது. நகரத்தை நேரில் பார்த்துத் தீர்ப்பைச் செம்மை செய்த முன்னோர் அவர்கள்.

பாதை அமைந்தபின் வரும் சிக்கல்கள் வேறு வகையானவை. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சிதைத்தது, பின்னர்ச் சீரமைத்தார்கள். நம் பள்ளிகளில் புயல் வேண்டியதில்லை. சாய்வுப்பாதையில் ஜனாஸா கட்டிலைச் சாய்த்து வைப்பார்கள், தண்ணீர்க் கேன்களை அடுக்குவார்கள். ஸ்கூட்டர்கள் ஏறுகின்றன என்று இரும்புக்கதவு போட்டுப் பூட்டுவார்கள். சாவி எங்கோ இருக்கும். பூட்டிய பாதையின் முன் நாற்காலியில் காத்திருப்பவருக்குப் படிகளே பரவாயில்லை என்று தோன்றிவிடும். கதவு அவசியம் என்றால், பாங்குக்குக் கால்மணி நேரம் முன்னதாக அதைத் திறந்துவைப்பதை, ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பதோடு சேர்த்து மோதினாரின் அன்றாட வேலைகளில் எழுதிவிடலாம். கட்டுவதற்கு முன் அளவெடுக்கும் நாளில் அந்த மஹல்லாவின் சக்கர நாற்காலிக்காரர் ஒருவரைக் கொத்தனாரோடு நிற்கச் சொல்வதும் நல்லது. எந்த இடத்தில் சக்கரம் தடுக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.